அரைக்கிராப்பு அண்ணனும் பிளாஸ்டிக் இலைகளும்

பாதி வெட்டிய தலையோடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்த அனுபவம் இல்லாத ஆண்பிள்ளை எங்கள் ஈப்போவின் புந்தோங்கில் கிடையாது. அப்படி ஒருவன் இருந்தால் அவன் பிறவி வழுக்கையாக இருக்க வேண்டும். இந்த அநியாயத்துக்குக் காரணமான சலூன்காரரை நாங்கள் அரைக்கிராப்பு அண்ணே என்போம். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை.

கடைக்குள் கண்ணாடியை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு. அதில் பச்சை ஒன்று, நீலம் ஒன்று என்று இரண்டு சின்னக் கிளிகள். கிளிகளைவிடச் செடிகள்தான் அதிகம். தொங்கும் கொடி, விசிறி இலை, புல் கொத்து, எல்லாமே பிளாஸ்டிக். முன்பு ஒருமுறை அசல் மணிபிளாண்ட் வைத்தாராம். நீலக் கிளி அதைக் கடித்துவிட்டுக் கக்கிக் கக்கிச் சாகப் பார்த்ததாம்.

"உயிர்ச் செடியில என்ன விஷம் இருக்குன்னு நமக்கு எங்க தெரியுது? பிளாஸ்டிக்ல அழுக்குதான் இருக்கும். அழுக்கக் கழுவிடலாம் லா," என்பார்.

கழுவட்டும். எனக்கு அதில் ஒரு தகராறும் இல்லை. அதை ஏன் என் தலை பாதியில் நிற்கும்போது கழுவ வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

முதல் தடவை எனக்கு வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் ஆரம்பிக்கும் நேரம். கத்தரி நின்றது. அவர் கூண்டுக்குள் கைவிட்டு, ஓர் இலையிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது ஒங்க முடி."

"என்னோடதுன்னு எப்படித் தெரியும்?"

"நரைச்சிருக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "முடி வெட்டுற கடையில முடி பறக்காம வேற என்ன அண்ணே பறக்கும்?"

"பறக்கட்டும். இலையில உக்காரக் கூடாது. கிளி கொத்தி முழுங்கிடும்."

"அப்ப கூண்டத் தூக்கிப் பின்னால வைங்க."

"பின்னால இருட்டு. அதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு?"

நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்பதற்குள் செடிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். ஒவ்வோர் இலையாக முன்பக்கம், பின்பக்கம், காம்பு இடுக்கு. பிறகு அலசல். அலசியதை மோந்து பார்ப்பார். சோப்பு வாசனை இருந்தால் மறுபடியும் அலசல். அப்புறம் துண்டுகளோடு துணிக்கொடியில் காயப்போடுவார். ஈரத்தோடு மாட்டினால் பூசணம் பிடிக்குமாம். ஈப்போ மழை சும்மா இருக்குமா? இலைகள் கடைக்குள் வந்தன. எனக்கு வீசிக்கொண்டிருந்த காற்றாடியை அவற்றின் பக்கம் திருப்பினார்.

"மாத்துச் செட்டு ஒண்ணு வாங்கி வைக்கலாமே, அண்ணே?"

"இருக்கு."

"அப்ப அத மாட்டிட்டு என் தலைய முடிங்க."

"அது நேத்துக் கழுவுனது. இன்னும் காயல."

காய்ந்தபின்பும் விடமாட்டார். ஒவ்வோர் இலையையும் இழுத்துப் பார்ப்பார், கழன்று வருகிறதா என்று. காம்புக்குள் இருக்கும் கம்பி எங்காவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவுவார். பிறகுதான் என் இடப்பக்கம்.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பையனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று காலையில் சவரத்துக்கு வந்தான். ஒரு கன்னம் முடிந்தது. சவர நுரை தெறித்துக் கூண்டிலிருந்த ஒரு கொடியில் விழுந்தது. அவ்வளவுதான். வெளியே காரில் மாமன்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிப் பக்கத்தில் குந்தி, அவனும் ஒரு பிரஷை எடுத்துத் தேய்த்தான். தாலி கட்டிய கையில் பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை அடித்ததாகப் பெண்வீட்டார் இன்னும் சொல்கிறார்கள்.

அந்த வாரமே நான் முடிவெடுத்தேன். மனிதனை மதிக்காத கடை இனி வேண்டாம். பக்கத்துச் சிலிபினில் ஒரு தம்பி புதிதாகத் திறந்த, குளுகுளு ஏர்கோன் சலூனுக்குப் போனேன். மெத்தை நாற்காலி, காப்பி, மரியாதை. நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது மூலையில் ஒரு கூண்டு தெரிந்தது. மஞ்சள் கிளி ஒன்று. துணியில் செய்த இலைகள். பச்சை எது, தூசி எது என்று தெரியவில்லை. எனக்கென்ன என்று திரும்பிக்கொண்டேன். ஆனால் கிளி கத்தியது. இலையோரத்தில் பிரிந்த நூல் அதன் காலில் சுற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது.

"தம்பி, கிளி காலு மாட்டிக்கிச்சு."

"அது அப்படித்தான் வெளையாடும், அங்கிள்."

"இலைய எப்பக் கழுவுன?"

"பொய்ச் செடிய எதுக்கு அங்கிள் கழுவணும்? வேலை மிச்சம்னுதானே அத வாங்குறோம்."

எனக்கு வந்த கோபத்தில் கழுத்துத் துணியோடு எழுந்துவிட்டேன். வலப்பக்கம்தான் முடிந்திருந்தது. கூண்டுக்குள் கைவிட்டால் கிளி இன்னும் முறுக்கிக்கொண்டது. அந்தத் தம்பியும் பயந்துபோனான். வேறு யாரைக் கூப்பிடுவது? புந்தோங்குக்கு, அரைக்கிராப்பு அண்ணனுக்கே போன் போட்டேன்.

"இழுக்காதீங்க. கீழ கையக் குடுத்துத் தாங்கிக்குங்க. வாரேன்," என்றார்.

அண்ணனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கழுத்துத் துணி பறக்க இன்னோர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால் அவருக்கும் பாதித் தலை. "விட்டுட்டுப் போனா எப்ப வருவாரோன்னு நானும் ஏறிட்டேன்," என்றார் பரிதாபமாக.

அண்ணன் கிளியைச் சின்னத் துண்டில் சுற்றிப் பிடித்தார். மூக்கு முடி வெட்டும் கத்தரியை எடுத்து நூலைத் துண்டு துண்டாக நறுக்கினார். கால் சிவந்திருந்தது. விரல்கள் மெல்ல அசைந்தன. அவருடைய நெற்றி வியர்வை அந்த ஏர்கோனிலும் சொட்டியது.

பிறகுதான் வாயைத் திறந்தார். "துணி இலைய வச்சிட்டு, வெளையாடுதுன்னு சொல்லுவியா? ஒன் காலுல கயித்தக் கட்டித் தொங்கவிட்டா அதுக்குப் பேரு வெளையாட்டா?" துணிச் செடி முழுவதையும் பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்தார்.

"கூண்டு மொட்டையா இருக்கே, அண்ணே," என்றான் தம்பி.

"மொட்ட அடிச்சுத்தானே நாம பொழைக்கிறோம். ரெண்டு நாளு இருக்கட்டும். என் மாத்துச் செட்டு காஞ்சதும் கொண்டாறேன்."

எங்கள் இரண்டு தலையையும் அங்கேயே முடித்துக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வலப்பக்கம் எவ்ளோ அழகா வெட்டியிருக்கு. இடப்பக்கம் ஏன் இப்படி எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

அன்றுதான் தெரிந்தது, அரைக்கிராப்பு அண்ணனுக்கு முடி வெட்டவே வராது என்று.

போன மாதம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கடை பூட்டியே கிடந்தது. காதை மூடும் அளவுக்கு முடி வளர்ந்தும், அவர் திறக்கும்வரை காத்திருந்தேன்.