ஐநூறு ரூபாய் முடி

"முடிக்கு ஐநூறு ரூபா வேணுங்ப்பா" என்று கதிர் ஆரம்பித்தபோது, தனசேகர் கண்ணாடி முன்னால் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தார். பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை.

"ஐநூறா? பஸ் ஸ்டாண்டுக்கு எதுர்ல ஏசி போட்டு சலூன் தொறந்ததுல இருந்து பசங்களுக்கெல்லாம் கிறுக்குப் புடிச்சிருக்குது!"

"அதுக்கில்லீங்ப்பா..."

"பேசாத. ஆறு மாசமா காடு மாதிரி வளத்தி வெச்சிருக்கறதே தப்பு. பதினாறு வயசாச்சு, எது அவசியம், எது ஆடம்பரம்னு தெரிய வேண்டாமா?"

டை அவசியமா என்று யாரும் கேட்கவில்லை. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர் பார்ட்டிகள் முன்னால் நரைத்த தலையோடு நிற்க முடியுமா? அது அவசியம்தான். தவிரவும், ஆறு மாதத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், இவருக்குக் கோபமே வரக்கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். அதனால் வீட்டில் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

மீசையை முடித்த கையோடு டிரிம்மர் மெஷினை எடுத்தார்.

"ஊட்டுல வேண்டாங்ப்பா" என்று பையன் கெஞ்சினான்.

"ஏன், ஏசி கேக்குதா? உக்காருடா."

இடது காதுக்கு மேலே மெஷின் வழுக்கியது. தேங்காய்ச் சில் அளவுக்கு மண்டை தெரிந்தது. சமப்படுத்தலாம் என்று வலது பக்கம் எடுத்தார்; அது இன்னும் மேலே ஏறிவிட்டது. நடுவில் மிச்சமிருந்தது சேவல் கொண்டை மாதிரி நின்றது. கால் மணி நேரத்தில் முழு மொட்டை. மனைவி கோகிலவாணி முடியைக் கூட்டி அள்ளி, வாசலில் நின்ற குப்பை வண்டியில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து, அவள் தம்பி செங்கோடன் நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்து பைக்கை நிறுத்தினார்.

"ஏனுங்க மாமா, மாப்பிள்ளைக்கு மொட்டை?"

கை வழுக்கிவிட்டது என்று சொன்னால், இந்த ஆள் போகிற கல்யாணத்திலெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"வேண்டுதல்" என்றார் தனசேகர். "குலதெய்வத்துக்கு."

கதிர் திடுக்கிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பொய் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. தனசேகருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டு ஊட்டுலயா மழிப்பாங்க? சாமி குத்தமாயிருமுங்க மாமா! முடி எங்க?"

முடி அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தது.

பரிகாரத்தையும் செங்கோடனே சொன்னார். கிடா வெட்டிப் பூசை. பங்காளிகளைக் கூப்பிடாமல் கிடா வெட்ட முடியாது. மாமன் மச்சான்களை விட்டால் மனஸ்தாபம். ஐநூறில் தப்பிக்கப் பார்த்தவருக்கு முப்பத்தெட்டாயிரம் செலவு பழுத்தது. என்ன வேண்டுதல் என்று போனில் கேட்டவர்களிடமெல்லாம், "வெளிய சொல்லக் கூடாதுங்க" என்று மழுப்பினார். கதிர் அதையெல்லாம் கேட்டபடி வீட்டுக்குள் வளைய வந்துகொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த குலதெய்வக் கோயிலில், அறுபது பேர் நடுவே செங்கோடன் அடுத்த குண்டைப் போட்டார்.

"மாப்பிள்ளை தலையில முடி இல்ல. சாமிக்குச் சேர வேண்டியது சேர்ந்தாகணும். அப்பன் தலையக் குடுங்க மாமா."

தப்பிக்க வழியில்லை. தனசேகர் மணைக்கட்டையில் உட்கார்ந்தார். கோயிலில் முடி எடுக்கும் கலைமணி தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். டை அடித்த முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. அடியில் அத்தனையும் வெள்ளை. தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்ற மகனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாமி சன்னதியில் இதற்கு மேலும் பொய்யைச் சுமக்க அவரால் ஆகவில்லை.

"உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க" என்று கலைமணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் என் வாய்க்கொழுப்பு."

கலைமணி கத்தியை நிறுத்தினார்.

"இல்லீன்னு யாருங்க சொன்னது? உங்க நெஞ்சு ஆபரேசன் அன்னிக்கு இந்தத் தம்பி சைக்கிள்ல வந்து, அப்பா பொழைச்சா முடி தாரேன்னு வேண்டிக்கிட்டுப் போச்சு. பூசைக்கும் என் கூலிக்கும் ஐநூறு ஆகும், அப்பாகிட்ட வாங்கிட்டு வான்னு நாந்தானுங்க சொல்லி உட்டேன்."