மும்மொழிக் கல்லும் மூடாத குழியும்

மாப்பிள்ளையூரணி

பிரியமுள்ள மைத்துனன் வேல்ராஜுக்கு அத்தான் சிவபாலன் எழுதிக்கொள்வது. துபாயில் நீ சுகம் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா உமாராணி பரம சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், நான் போனை எடுத்தாலே அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்லுகிறாள்.

பழைய கக்கூஸை இடித்துவிட்டுப் புதிது கட்ட செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியதும், அதில் ஒரு கல் அகப்பட்டதும், அதை அக்கா வீடியோ காலில் காட்டியதும் உனக்குத் தெரியும். ஒரு பக்கம் தேய்ந்த தமிழ், ஒரு பக்கம் தேய்ந்த இங்கிலீஷ், மூன்றாவது பக்கம் கன்னங்கரேல். பார்த்துவிட்டு நீ சும்மா இருந்தாயா? எகிப்தில் கோட்டையைப் பழுது பார்க்கப் போன பட்டாளத்தான் மூன்று எழுத்து வெட்டின கல்லைக் கண்டெடுத்தான், அதை வைத்துத்தான் அந்த நாட்டுப் பழைய எழுத்தையே படித்தார்கள் என்றாய். சீனாவில் கிணறு வெட்டினவனுக்கு மண்பொம்மைப் பட்டாளமே கிடைத்தது, இத்தாலியில் கிணறு வெட்டினவனுக்கு எரிமலை மூடின ஊரே கிடைத்தது என்றாய். "பெரிய கண்டுபிடிப்பெல்லாம் குழி தோண்டினவன் கண்டதுதான்க்கா, ஒரு பிடி மண்ணத் தொட விடாத"ன்னு சொல்லிட்டு நீ ஏசி ரூம்ல போய்ப் படுத்துட்ட. மறுநாள் கொத்தனார் மந்திரமூர்த்தி மம்பட்டியோட வந்தாரு. உன் அக்கா அவரு கையில பெயிண்ட் பிரஷ்ஷக் குடுத்து, "இதால தோண்டுங்க அண்ணாச்சி"ன்னா. அவரு பிரஷ்ஷையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு முத்தையாபுரத்துல வேற வேலைக்குப் போயிட்டாரு.

அன்னையிலேருந்து நான் வாளியும் கையுமா பக்கத்து வீட்டு விக்டோரியா டீச்சர் வீட்டுக்குப் போறேன். அவிய நல்லவிய. ஆனா ஒவ்வொரு தடவையும் வாசல்ல நிறுத்தி, "சாப்ட்டியளா அண்ணாச்சி"ன்னு கேக்காவ. அவசரத்துல போறவன் என்னத்தச் சொல்ல? நம்ம மக சண்முகப்ரியா தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் வாரா. நிறைமாசப் பிள்ளைய வாளியோட அனுப்ப முடியுமா? நெனச்சா எனக்கு அழுகையே வருது.

பொறுக்கமாட்டாம, அக்கா கோயிலுக்குப் போன நேரம் பாத்து அந்தக் கறுப்புல மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சேன். அத்தனையும் தாரு. உள்ள இந்தி. அந்தக் காலத்துல இந்திப் பரீட்சை எழுதின டீச்சர் சுவர் மேல எட்டிப் பாத்து எழுத்துக்கூட்டிப் படிச்சாவ: "தூத்துக்குடி, நாலு." மாப்ளே, அது மைல்கல்லு. இந்தி எதிர்ப்புல நம்மாளுவ தார் பூசின கல்லு. அக்காகிட்ட சொன்னா சந்தோசப்படுவான்னு பாத்தேன். "ஊரே போராடினதுக்கு இருந்த ஒரே அத்தாட்சி. அதயும் தேச்சு அழிச்சிட்டியளே"ன்னு சொல்லி, குழிப்பக்கமே போகக் கூடாதுன்னுட்டா.

ஆகையால் நீ உடனே போன் செய்து, கல் ஒன்றுமில்லை, டேங்கைக் கட்டலாம் என்று சொல்லவும். நீ சொன்னால் மட்டும்தான் அவள் கேட்பாள். உனக்கும் உன்னைக் கட்டிய தங்கச்சி செல்லக்கனிக்கும் திருச்செந்தூர் முருகன் எல்லாம் தருவான். எனக்கு ஒரு கக்கூஸ் தந்தால் போதும்.

இப்படிக்கு,
அத்தான் சிவபாலன்

பி.கு.: அக்கா கடைக்குப் போனதும் கல்லைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம் என்று கடப்பாரையால் நெம்பினேன். அடியில் ஒரு பெரிய தாழியின் வாய் தெரிகிறது, மூடியோடு. ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழி கிடைத்ததே, அதே மாதிரி. மேலே எழுதிய எதையும் அக்காவிடம் சொல்லாதே, போனும் செய்யாதே. சண்முகப்ரியாவை மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதெல்லாம் அந்தக் காலம். எத்தனை நாளைக்குப் பழசையே கட்டிக்கொண்டு அழுவது?