மாடி அதிகாரி

முனைவர் பட்டம் பெற நெறியாளர், பிரிவு எழுத்தர், கணினி ஆகிய மூவரின் அருள் வேண்டும். இவர்களைச் சுற்றிவந்த நேரம் போக மிச்சமிருந்தால் ஆராய்ச்சியும் செய்துகொள்ளலாம், தடையில்லை.

நம் ஆய்வாளர் ஏழு வருஷம் முதுகொடிய எழுதிய சமூகவியல் ஆய்வேட்டின் தலைப்பு, 'அலுவலகங்களில் பிறர் உழைப்பைத் தனதாக்கிக்கொள்ளுதல்'. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு காலாவதி. அதோடு அவளுடைய தற்காலிக ஆசிரியை வேலைக்கும் முழுக்கு. புதன்கிழமை எழுத்தர் ஒரு தாளை நீட்டினார்.

"அறுபத்திநாலு சதவீதம் காப்பின்னு கம்ப்யூட்டர் சொல்லுது மேடம். பத்துக்கு மேல போகக்கூடாது."

"காப்பியா? யாரைப் பார்த்து?"

"உங்க கைடைப் பார்த்துதான். போன வருஷம் பத்திரிகைல அவர் எழுதின மூணு கட்டுரையும் உங்க மூணு அத்தியாயமும் ஒண்ணா இருக்கு."

"ஐயோ, அதெல்லாம் நான் திருத்தக் குடுத்தது சார்!"

"இருக்கலாம். குழந்தை யார் பேர்ல பதிவாயிருக்குன்னுதான் நாங்க பார்ப்போம். பெத்தது யாருன்னு இந்த ஆபீஸ்ல கேக்கறதில்ல."

அவள் தாளைப் பறித்துக்கொண்டாள். நெறியாளர் அறைக்கு ஓடினாள். கதவில் 'தலைவர், கருத்துத் திருட்டுத் தடுப்புக் குழு' என்று பலகை பளபளத்தது.

"அந்தக் கட்டுரையெல்லாம் என்னோடதுன்னு ஒரு கடிதம் குடுங்க சார்."

"தாராளமா. நீயே எழுதிக் கொண்டாம்மா."

எழுதிக்கொண்டு போனாள். அவர் இரண்டு தடவை ரசித்துப் படித்தார்.

"நடை பிரமாதம்மா!" என்று கடிதத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து?"

"குழு கூடணும். அடுத்த மாசம் பார்க்கலாம்."

வியாழக்கிழமை எழுத்தரே மனமிரங்கி எதிர்த்த டைப் கடைக்கு வழிகாட்டினார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத கடைக்காரர் இதுவரை நாற்பத்தொரு பேரை டாக்டராக்கியவர்.

"வார்த்தையை மாத்திட்டா கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியாதும்மா" என்று உட்கார்ந்தார். மேலதிகாரி 'மாடி அதிகாரி' ஆனார். கீழ்நிலை ஊழியர் 'தரைத்தள ஊழியர்' ஆனார். உழைப்புச் சுரண்டல் 'வியர்வை வழித்தல்' ஆயிற்று.

"அண்ணே, அர்த்தமே போச்சே!"

"அர்த்தத்தை எந்த மெஷின் பார்க்குது?"

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குக் கணினி பூஜ்யம் என்றது. ஏடு உள்ளே போயிற்று.

வாய்மொழித் தேர்வில் அவள் ஏட்டை அணைத்தபடி நின்றாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எழுந்தே விட்டார்.

"அதிகாரத்தைக் கட்டடமாகவே பார்த்த முதல் ஆய்வு இது! ஆனா, மாடிப்படியைப் பத்தி ஏன் எழுதல?"

"அது அடுத்த ஆய்வுக்கு சார்" என்றாள் அவள், எங்கிருந்தோ வந்த தைரியத்தில்.

எல்லாரும் கைதட்டினார்கள். நெறியாளர் மட்டும் தட்டவில்லை. அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

நாலு வருஷத்தில் மாடிக் கோட்பாட்டுக்கு மாநாடுகள் நடந்தன. அவளுக்கு நிரந்தர வேலை, தனி அறை, சுழல் நாற்காலி எல்லாம் வந்தன. முதல் மாணவி முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்தாள். படிக்கப் படிக்க நம் ஆய்வாளருக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு தெளிவு.

"நல்லா எழுதியிருக்கேம்மா. ஆனா படிச்சா புரியுதே! டைப் கடை அண்ணனைப் போய்ப் பாரு."

மாணவி முகம் வாடி எழுந்தாள். "அப்ப இதை எடுத்துட்டுப் போகட்டுமா மேடம்?"

"அது இருக்கட்டும், வச்சுட்டுப் போ" என்றார் மாடி அதிகாரி.