ஏத்தக் கோபுரம்

எங்கள் சித்தூர் ஜில்லாவிலேயே பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரையா எனக்குக் கட்டிவைக்க வேண்டும்? புருஷன் பேரை நான் வாயால் சொல்வதில்லை. ஊர் வைத்த பேர் இருக்கிறது: ஏத்தக் கோபுரம்.

தொழில் தச்சு வேலை. திருப்பதிக்குப் போய்க் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவர், வீட்டுக் கூரைக்கென்று அறுத்து வைத்திருந்த வேப்ப மரத்தையெல்லாம் தூக்கிப்போய், புத்தலப்பட்டு ரோட்டோரம் எங்கள் கொல்லையில் நிறுத்தினார். கீழே அடுக்கடுக்காகக் கோபுரம். உச்சியில், கலசம் இருக்க வேண்டிய இடத்தில், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்ற மரம். பனை உயரம். காற்றடித்தால் அது மேலும் கீழும் ஆடி, ரோட்டில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் கும்பிடு போடும்.

“உள்ள சாமி கீதா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“தண்ணி எறைக்குமா?”

“எறைக்காது.”

“அப்ப இன்னாத்துக்குய்யா?”

“பாக்கறதுக்கு.”

“பாத்துக்கினே இரு. மழை வரட்டும், மொத்தத்தையும் வெட்டி அடுப்புல வெக்கிறேன்.”

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று சண்டை. ஒரு வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி தெலுங்கு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று கட்சி பிரிந்தார்கள். தமிழ்க் கட்சித் தலைவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

“மாமா, எல்லை பிரிக்கிற ஆபீசர் வராரு. இது தமிழ்க் கோபுரம்னு சொல்லு. மாத்திச் சொன்ன, கோடாலிதான்.”

அவர் தலை மறைவதற்குள் தெலுங்குக் கட்சித் தலைவர்.

“மாமா, இது தெலுங்கு ஏத்தம்னு சொல்லு. மாத்திச் சொன்ன, ரம்பம்தான்.”

இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், அண்ணன், தம்பி.

எதைச் சொன்னாலும் அந்தச் சாமான் மிஞ்சாது. என் வீட்டுக்காரர் சோறு இறங்காமல் அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஏதாவது ஒண்ண சொல்லித் தொலையேன்யா!”

“ரெண்டும் பொய்யாச்சே” என்றார்.

ஜீப் வந்தது. ஆபீசர் கோதாவரிப் பக்கத்து ஆள். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. தொப்பி கீழே விழுகிற அளவுக்கு அண்ணாந்து பார்த்தார்.

“இதி ஏமி?”

இந்தப் பக்கம் கோடாலி, அந்தப் பக்கம் ரம்பம். என் வீட்டுக்காரர் தமிழிலேயே சொன்னார்: “மரம்.”

தெலுங்கில் மர என்றால் எந்திரம்.

“ஏ மர?”

“வேப்ப மரம் சார்.”

“ஓ, வேப நூனெ மரா!”

வேப்பெண்ணெய் ஆட்டுகிற மிஷின் என்று முடிவே கட்டிவிட்டார். எண்ணெய்க்கு ஏது பாஷை? மிஷின் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை யாரும் இதைத் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிராளிக்குப் போகாமல் இருந்தால் போதாதா? இரண்டு தலைகளும் பலமாக ஆடின. இரண்டு பாஷையும் தெரிந்த அத்தனை ஜனமும் வாயைத் திறக்கவில்லை.

“யோவ், நீயே பொய் சொல்லிட்டியே!” என்றேன்.

“மரத்த மரம்னுதான சொன்னேன்?”

ஊர் ஆந்திராவிலேயே நின்றது. இன்ஸ்பெக்டர் இன்றுவரை வரவில்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இனி நான் வெட்டினால் கேட்க ஆளில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஈரச் சுள்ளியை ஊதி ஊதித்தான் சோறாக்குகிறேன்.