நாற்பத்தொரு முதலீட்டாளர்கள்

1997 ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை, ஆண்டர்சன்பேட்டை மக்கள் வாசகசாலையின் பொறுப்பாளர் தாமோதரனுக்கு மாவட்டத் தலைநகர் கோலாரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியது பொது அறிவு மேம்பாட்டுத் துறை. நாடு தாராளமயமாகிவிட்டபடியாலும், ஆசியச் சந்தைகள் புலிகளாய்ப் பாய்ந்துகொண்டிருப்பதாலும், இனி ஒவ்வொரு வாசகசாலையும் ‘ஆசியச் சந்தைகளில் ஆர்வமுள்ள முதலீட்டாளர்கள் இவ்வாரம் படிக்கத் தக்கவை’ என்ற பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது நாற்பது முதலீட்டாளர்கள் படித்துக் கையொப்பமிட வேண்டும். தவறினால் சிக்கனம் கருதி வாசகசாலை மூடப்படும். பொறுப்பாளர் மாநிலத்தின் மறுகோடியிலுள்ள பீதருக்கு மாற்றப்படுவார்.

தாமோதரன் அதை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் பீதர் அங்கேயே இருந்தது. அவர் மனைவிக்குப் பக்கத்துக் குடியிருப்பான கோரமண்டலில் பள்ளிக்கூட வேலை. மகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. வருஷம்.

பட்டியல் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதில் சொல்லியிருந்த பத்திரிகைகள்தாம் வரவில்லை. தாமோதரன் துறைக் கண்காணிப்பாளர் சௌந்தரராஜனுக்குப் போன் செய்தார்.

“பட்டியலுக்குத்தாம்ப்பா நிதி ஒதுக்கீடு. பத்திரிகைக்கு இல்ல.”

“அப்போ ஜனங்க எதைப் படிக்கிறது, சார்?”

“பட்டியலைப் படிக்கட்டும். எதைப் படிக்கணும்னு தெரிஞ்சுகிட்டாலே பாதி படிச்ச மாதிரி. மீதிப் பாதிய அடுத்த நிதியாண்டுல பார்த்துக்கலாம்.”

பட்டியல் அச்சடிக்கும் செலவை ஈடுகட்ட, வாசகசாலைக்கு வந்த நாலு தினசரிகளில் மூன்று நிறுத்தப்பட்டன.

மறுநாள் காலை தங்கவேலு வந்தார். முப்பத்தொரு வருஷம் ஊர்த் தங்கச் சுரங்க வாசலில் நின்று, ஆளை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்து ஓய்வு பெற்றவர். பின்னாலேயே பார்வதம்மா. ராசிபலன் பார்க்காமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்.

“இன்னா சார், பேப்பர் எங்க?” என்றார் தங்கவேலு.

தாமோதரன் ஒளிக்காமல் சொன்னார். “நீங்கல்லாம் முதலீட்டாளர்னு கையெழுத்துப் போட்டாத்தான் அண்ணே இந்தக் கதவு திறந்திருக்கும். இல்லன்னா நான் பீதர்.”

தங்கவேலு பேனாவை வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் பெயர், விலாசம், அதற்கப்புறம் ‘முதலீடு செய்யும் நாடு’ என்று ஒரு பத்தி.

“எந்த நாடு போடறது?”

“உங்க இஷ்டம்.”

“தாய்லாந்து போடு. தாய்னு பேர் வச்சுக்கினு கீறான், கைவிட மாட்டான்.”

பார்வதம்மா மலேசியா என்றார். காரணம் சொல்லவில்லை; ராசிபலன் சொல்லியிருக்கலாம். அந்த வாரம் முப்பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். நாற்பதாவதுக்குத் தேநீர்க்கடைக்காரர் வந்தார். எண்ணியதில் பிசகு வரக் கூடாதென்று தாமோதரன் தன் பெயரையும் எழுதி, தாய்லாந்து என்று போட்டுக்கொண்டார்.

ஜூலையில் தாய்லாந்து விழுந்தது. மிச்சமிருந்த ஒரே தினசரியில் அந்தச் செய்தி வந்தது. ஒரு காசும் போடாத தங்கவேலு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் பேச்சைக் கேட்டுத் தாய்லாந்து எழுதியவர்கள் அவரை முறைத்துப் பார்த்தார்கள். அந்த வாரத்துப் பட்டியல் இரண்டு வாரம் தாமதமாக வந்தது. முதல் வரி: ‘தாய்லாந்தின் பொற்காலம்: ஏன் இப்போதே நுழைய வேண்டும்?’

ஆகஸ்டில் சௌந்தரராஜன் ஜீப்பில் ஆய்வுக்கு வந்தார். பெஞ்சு நிறைய முதலீட்டாளர்களைக் கண்டு பூரித்துப்போனார்.

“பெரியவரே, சந்தையைப் பத்தி உங்க அபிப்பிராயம்?”

தங்கவேலு யோசித்துச் சொன்னார். “கேஜ் கயிறு நல்லா கீது, நல்லா கீதுன்னு ஒருத்தன் தினம் வந்து சொல்லிக்கினே இருந்தா, நான் அந்தக் கேஜ்ல ஏற மாட்டேன் சார்.”

சௌந்தரராஜன் அதை அப்படியே குறித்துக்கொண்டு போனார். ‘இவ்வட்டாரத்தில் ஆசிய முதலீட்டாளர் அடர்த்தி மாவட்டத்திலேயே அதிகம், நிதானமான முதிர்ச்சியும் காணப்படுகிறது’ என்று அறிக்கை எழுதினார். தாமோதரனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

செப்டம்பரில் ரேஷன் அலுவலகத்திலிருந்து நாற்பத்தொரு நோட்டீஸ்கள் வந்தன. வெளிநாடுகளில் முதலீடு வைத்திருக்கும் தங்களுக்குச் சலுகை விலை அரிசி எதற்கு, ரேஷன் கார்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தரவும். நாற்பத்தொன்றாவது நோட்டீஸ் தாமோதரன் பெயருக்கு. தன் அரிசியைவிட, மற்ற நாற்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

யாரும் திட்டவில்லை. எல்லோருமாகக் கோலாருக்குப் பஸ் ஏறினார்கள். கார்டு சரிபார்ப்புப் பிரிவில் ராஜேந்திரன் என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

“நாங்க யாரும் முதலீட்டாளரே இல்ல சார்,” என்றார் தாமோதரன்.

“அதுக்குச் சான்று வேணும். முன்னால முதலீட்டாளர்னு சான்று கொடுத்த அதிகாரியே கொடுக்கணும்.”

“அது நான்தான்.”

“அப்போ முன்னால பொய்ச் சான்று கொடுத்தீங்களா?”

ராஜேந்திரன் நல்ல மனிதர். படிவத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். “முதலீடே செய்யலன்னு சொல்லப் பத்தி இல்ல. ‘முதலீடு செய்து யாவும் இழந்தவர்’னு ஒண்ணு இருக்கு. தாய்லாந்துக்காரங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க.”

தாய்லாந்துக்காரர்கள் முண்டியடித்து வந்து, யாவும் இழந்ததாகக் கையெழுத்திட்டு, அரிசியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தங்கவேலுவை அதற்கப்புறம் யாரும் முறைக்கவில்லை. பார்வதம்மா ஒருத்திதான் மலேசியா.

“மலேசியா இன்னும் முழுசா விழலையேம்மா. தை மாசம் வந்து பாருங்க. அதுவரைக்கும் கார்டு இங்கயே இருக்கட்டும்,” என்றார் ராஜேந்திரன்.

அன்றிலிருந்து பார்வதம்மா தினசரியில் ராசிபலனை விட்டுவிட்டு மலேசியப் பணமான ரிங்கிட்டின் விலையைப் பார்க்க ஆரம்பித்தார். அது காலணா இறங்கினால் அன்றைக்கு முகம் தெளிவாக இருக்கும். அதுவரை நாற்பது வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு படி அரிசி அவருக்குப் போயிற்று. தையில் மலேசியா தேவையான அளவு விழுந்துவிட்டதாக ராஜேந்திரன் ஒப்புக்கொண்டார். கார்டு திரும்பி வந்தது.

மாசியில் புதுப் பதிவேடு வந்தது. அதிலும் நாடு என்று ஒரு பத்தி. பட்ட பாடு போதும், இந்தத் தடவை வெளிநாடே வேண்டாம் என்று நாற்பத்தொரு பேரும் ஒருமனதாக இந்தியா என்று எழுதினார்கள். மறுபடி நோட்டீஸ் வருமுன் ராஜேந்திரனிடம் காட்டிவிடலாமென்று தாமோதரனே அதை எடுத்துக்கொண்டு கோலாருக்குப் போனார்.

ராஜேந்திரன் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“இது சிக்கல் சார். மறுபடி நோட்டீஸ் வந்தா, இந்தியாவுல போட்டவங்களுக்கு ‘யாவும் இழந்தவர்’ பத்தி கிடையாது.”

“ஏன் சார் வைக்கல?”

ராஜேந்திரன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“வச்சா, இந்த நாற்காலிய விட்டு எழுந்து வந்து உங்க வரிசையில முதல் ஆளா நான் நிக்க வேண்டியிருக்குமே.”