பின்னறைக் கப்பல்

அந்த வீட்டின் பின்னறைக்குள் போக வேண்டுமானால் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும். இறக்கையில்லாத மின்விசிறி, வாய் திறக்காத ரேடியோ, துணியில்லாத குடைக்கம்பிகள், எதைக் கட்டியது என்றே மறந்துபோன கயிற்றுச் சுருள்கள். அச்சகத்தில் பிழை திருத்தும் நம் மனிதர் உயிரைக் கொடுத்துக் காத்துவரும் சொத்து இவ்வளவும். அவர் மனைவி தையல்காரி. மிஷினை நடுக்கூடத்தில் போட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இடிபட்டுக்கொண்டே தைப்பாள்.

"ஏங்க, அந்த ஜங்க் எல்லாம் இன்னிக்கு எடைக்குப் போயாகணும். என் மிஷின் அந்த ரூமுக்குப் போகுது."

ஜங்க்கா? அவருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினார். படித்ததும் புல்லரித்துவிட்டது.

"இங்க வாம்மா! ஜங்க்னா குப்பையே இல்ல. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்ல நைஞ்சுபோன கயிறு! அதைத் தூக்கி எறிய மாட்டாங்க. பிரிச்சு நாராக்கி, பலகை இடுக்குல அடைப்பாங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. எத்தனை உயிரைக் கரை சேர்த்திருக்கும், யோசிச்சுப் பாரு!"

எந்தக் கடலிலோ உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த சொல், எத்தனையோ வாய் மாறி, இந்த நடுக்கூடத்தில் வந்து இவள் வாயில் வசவாக விழுந்திருக்கிறதே! அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மனைவி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். கண் அகல விரிந்தது.

"அடேங்கப்பா! யாருங்க பிரிப்பாங்க?"

"மாலுமிங்கதான். கேப்டன் ஆர்டர் போட்டா உட்கார்ந்து பிரிச்சுத்தானே ஆகணும்?"

"நம்ம ஜன்னல்லயும் மழைத்தண்ணி வருதே..."

கேப்டன் யார் என்ற சந்தேகம் அந்த வீட்டில் யாருக்கும் எப்போதும் வந்ததில்லை. மனிதர் கயிற்றுச் சுருளோடு தரையில் உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்கப் பிரித்தார். விரலெல்லாம் காந்தியது. நாரைத் திரித்துத் திரித்துக் கத்தி முனையால் ஜன்னல் இடுக்கில் திணித்தார். மனைவி வெளியே போய் ஒரு வாளித் தண்ணீரை ஜன்னல்மேல் வீசினாள்.

ஒரு சொட்டு வரவில்லை. காய்ந்த சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். கப்பலையே காப்பாற்றியவர் மாதிரி அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"உங்க தலைக்குள்ள எவ்வளவு விஷயங்க!" என்று உள்ளே வந்த மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. எதுக்குமே உதவாத சாமானைக் கப்பல்ல என்ன செய்வாங்க?"

கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் சும்மா இருக்க அவர் நாக்குக்குத் தெரியாது.

"இதென்ன கேள்வி? பாரம் ஏறினா கப்பல் தாங்குமா? கடல்ல தூக்கிப் போட்டுடுவாங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. பழைய சாமான்காரரின் மணி.

"கடல் வண்டியோட வந்து நிக்குது," என்றாள் மனைவி. "அந்த ஃபேனை ஒரு கை பிடிங்க."