பெரியம்மா அனுப்பிய மோதிரமும் இரண்டு குவளை அரிசியும்

பாயா ரும்புட், மலாக்கா
ஞாயிற்றுக்கிழமை மாலை

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பவானேஸ்வரி பெரியம்மாவுக்கு, தங்கை மகள் மலர்விழி இரு கை கூப்பி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நளினி அக்கா, தர்மேந்திரன் சித்தப்பா, நான் எல்லோரும் சுகம். அங்கு உங்களுடைய மாவுக்கட்டுப் போட்ட காலும் மாவுக்கட்டுப் போடாத காலும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. அக்காவின் நிச்சயதார்த்தம் இன்று சிறப்பாக நடந்தது. நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய மோதிரம் தினேஷ்வரன் அத்தானின் விரலில் ஏறிவிட்டது. இவ்வளவையும் அம்மா போனில் சொல்லியிருப்பார். நடுவில் அந்த மோதிரம் காணாமல் போனதைச் சொல்லியிருக்க மாட்டார். “அக்காவுக்குத் தெரிய வேணாம்லா, கால்ல கட்டோட பஸ் ஏறி வந்துடும்” என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன், ஆகவே சத்தியம் செய்யவில்லை. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் “அப்புறம்?” என்று கேட்பார்கள். தவிர, நீங்கள் எனக்கு அனுப்பும் துப்பறியும் நாவல்களில், வழக்கு முடிந்ததும் துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்குவார். எங்கள் கூடத்தில் எல்லோரும் விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிட்டார்கள். ஆகவே உங்களுக்கு விளக்குகிறேன்.

மோதிரம் வந்த அன்றே அம்மா அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். “திருடன் அலமாரியத்தான் திறப்பான். வந்த எடத்துல சோறா ஆக்கப் போறான்?” என்றார். எனக்கும் அது அறிவார்ந்த வாதமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா டின்னுக்குள் கைவிட்டார். முதலில் மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை, பிறகு தோள் வரை. பிறகு தலையையும் உள்ளே விட்டு, “ஐயோ, காணோமே!” என்று கத்தினார், டின்னுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கோயில் மணி போலக் கேட்டது. அக்கா ஓடி வந்து, “ஞாயித்துக்கிழமை அவரு விரல்ல என்னம்மா போடறது? ரப்பர் பேண்டா?” என்று அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் தங்கா பத்துவிலிருந்து இரண்டு வேன் நிறைய வரப்போகிறார்கள், மோதிரம் இல்லை என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள், பெரியம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று அம்மாவும் அழுதார். சித்தப்பா மட்டும் அழவில்லை. அவர் தன் சண்டை மீன் போத்தல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, “இது மனுசன் வேலை இல்ல அண்ணி. இது தோயோல் வேலை” என்றார். தோயோல் என்றால் நகையும் காசும் திருடும் குட்டிப் பேய் என்று இங்கே மலாய்க்காரர்கள் சொல்வார்கள். அதற்குப் பச்சைப்பயறு என்றால் ரொம்ப இஷ்டமாம், தரையில் கொட்டினால் திருட வந்ததை மறந்து விளையாட உட்கார்ந்துவிடுமாம். யாரும் தடுப்பதற்குள் சித்தப்பா ஒரு பாக்கெட் பச்சைப்பயற்றைக் கூடம் முழுவதும் இறைத்துவிட்டார். தோயோல் வரவில்லை. அப்பா வந்தார். கையில் தே தாரேக் டீ கிளாஸோடு சமையலறை வாசலில் கால் வைத்தவர், டிவிக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதை நான் இங்கே பெருமையுடன் குறிப்பிட வேண்டும்.

அப்போதுதான் நான் வழக்கைக் கையில் எடுத்தேன். பள்ளி அறிவியல் பெட்டியிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்தேன். சித்தப்பா அன்று முழுவதும் மீன்களோடு இருந்ததாகச் சொன்னார். மீன்களால் சாட்சி சொல்ல முடியாததால் அவரைச் சந்தேகப் பட்டியலிலேயே வைத்தேன். அம்மாவிடம், “நாவல்களில் முதலில் அழுபவர்மேல்தான் முதலில் சந்தேகம் வரும்” என்றேன். “பெத்தவ மேலயே சந்தேகமாடி?” என்று அம்மா அகப்பையைத் தேடியதால் அந்த விசாரணையைத் தோட்டத்திலிருந்து தொடர்ந்தேன். அங்கேதான், பெரியம்மா, எனக்குத் தடயம் கிடைத்தது. எங்கள் கேட்டிலிருந்து பக்கத்து வீட்டு விஜயராணி ஆண்ட்டியின் கேட் வரை மைனாக்கள் வரிசையாக நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தன. மைனாக்கள் காரணமில்லாமல் வரிசையில் நிற்பவை அல்ல. குனிந்து பார்த்தேன். அரிசி! எங்கள் டின்னில் இருப்பதைப் போன்ற நீள அரிசி. உடனே அப்பாவிடம் போனேன்.

“அப்பா, இன்னைக்கு ஆண்ட்டி வீட்டுக்குப் போனீங்களா?”

“ஆமா. அவங்க டப்பா ரொம்ப நாளா நம்ம வீட்டுல கெடந்துச்சு. கோழிக்கொழம்பு குடுத்தாங்களே, பச்ச மூடி டப்பா. கொண்டுபோய்க் குடுத்தேன்.”

“சும்மாவா குடுத்தீங்க?”

அப்பா என்னை நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியதைப் போலப் பார்த்தார். “சும்மா டப்பாவ எவனாச்சும் திருப்பிக் குடுப்பானா? அப்புறம் அந்த வீட்டு முன்னால நான் எப்படி லோரிய நிப்பாட்டறது? ரெண்டு குவள அரிசி போட்டுக் குடுத்தேன்.”

“வீட்டுல முறுக்கு இருந்ததே அப்பா!”

“முறுக்க ஏன் குடுக்கணும்?”

அம்மா உள்ளேயிருந்து, “எந்த டின்லேர்ந்து அள்ளுனீங்க?” என்று கேட்டார். அப்பா தே தாரேக்கை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை காலையில் குடும்பமாக ஆண்ட்டி வீட்டுக்குப் போனோம். ஆண்ட்டியின் கணவர் ராமையா அங்கிள் செங் வட்டாரத்திலுள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார், ஆண்ட்டி மட்டும்தான் இருந்தார். அம்மாவைக் கண்டதும் அவர் கண் கலங்கியது. “வாங்க ஜானகி. நீங்க அரிசி குடுத்து விட்டதுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல. நாங்க கஷ்டப்படறோம்னு யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. யாருன்னு சொல்லுங்க, நான் சண்டை போடல” என்றார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. “அடக் கடவுளே! அத எங்க டின்லயே கொட்டிட்டேனே!” என்றார். பாயை விரித்து அவர்கள் அரிசி டின்னை அப்படியே கவிழ்த்தோம். பெரியவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து துழாவ, நான் பூதக்கண்ணாடியோடு மணி மணியாக ஆராய்ந்தேன். நான் எதிர்பார்த்தபடியே, என் பங்கு அரிசியில்தான் அது மின்னியது. மோதிரம்! நான் தொடுவதற்குள் அம்மா அதை எடுத்து முத்தமிட்டுச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். ஆண்ட்டி என்னைக் கட்டிப்பிடித்து, “மலரு, நீ போலீசுல பெரிய ஆபீசரா வருவ பாரு” என்றார். அப்பா, “நான் நேத்து அரிசி குடுக்காம இருந்திருந்தா இந்தப் புள்ளயோட திறமை யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?” என்று பாதிப் பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இன்று மோதிரம் மாற்றும்போது ஒரு சின்னச் சிக்கல். மோதிரம் அத்தானுக்குக் கொஞ்சம் இறுக்கம். அக்கா தள்ளினாள், ஏறவில்லை. அத்தானின் முகம்தான் சிவப்பாக ஏறியது. அளவைப் பெரியம்மா போனில் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று எல்லோரும் உங்கள்மேல் பழி போட்டார்கள். நான் மட்டும் உங்களுக்காக வாதாடினேன். கடைசியில் தேங்காயெண்ணெய் தடவித் திருகியதும் சர்ரென்று ஏறியது. “டைட்டா இருந்தாத்தான்லா மாப்பிள்ள கழட்டி வச்சுட்டு ஓட மாட்டாரு” என்றார் சித்தப்பா. நேற்றுப் பகல் வேலையோடு இரவு வேலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்திருந்த ராமையா அங்கிள்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

ஆகவே பெரியம்மா, துப்பறியும் நாவல் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று இதுவரை சொல்லிவந்த அப்பா, இன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், “எவ்வளவு வேணும்னாலும் படி” என்று சொல்லிவிட்டார். அவர் மனம் மாறுவதற்குள் நீங்கள் படித்து முடித்தவற்றை எல்லாம் அனுப்பிவைக்கவும். வழக்கு முடிந்தது.

உங்கள் கால் சீக்கிரம் கட்டவிழ்ந்து, அக்காவின் கல்யாணத்தில் எனக்கு முன்னால் ஓடிப் பந்தியில் இடம் பிடிக்க வேண்டும் என்று வேண்டி, உங்கள் ஆசியை வாங்கத் தலை குனிந்து நிற்கும்,

மலர்விழி

பி.கு. கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு மறுபடி எடுத்து எழுதுகிறேன். மேலே “வழக்கு முடிந்தது” என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். சற்று முன் அம்மா, இன்று கட்டுவதாக எடுத்து வைத்துக் கடைசியில் கட்டாமல் விட்ட நீலப் பட்டுச் சேலையை அலமாரியில் வைக்கப் போய் உதறினார். மடிப்பிலிருந்து மோதிரம் விழுந்தது. நீங்கள் அனுப்பியது. அரிசியில் வண்டு ஊர்கிறதே என்று, காணாமல் போவதற்கு முந்திய நாள் அம்மாவே எடுத்து அதில் வைத்துவிட்டு மறந்திருக்கிறார். அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் ராமையா அங்கிளின் அலறல். தொழிற்சாலையில் இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று மோதிரம் போட விடமாட்டார்களாம். வேலைக்குப் போகும்போதெல்லாம் தன் கல்யாண மோதிரத்தை ஆண்ட்டிக்குக்கூடத் தெரியாமல் அரிசி டின்னில் போட்டுவிட்டுப் போவாராம். “விஜயா, என் மோதிரம் எங்க?” என்றார். “நீங்கதானே காலையில கை தட்டுனீங்க!” என்றார் ஆண்ட்டி. நான் ஒவ்வொரு அரிசி மணியையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பெரியம்மா. மோதிரத்தை மட்டும் பார்க்கவில்லை. அதன் உள்பக்கத்தில் ‘விஜயராணி’ என்று பொறித்திருக்கிறதாம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அக்கா அத்தானுக்குப் போன் போட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் ரொம்ப மெல்லிய குரலில், “நளினி, சோப்பு போட்டுக் கழட்டிப் பாத்தேன். நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. ஆனா யாரு அந்த விஜயராணி?” என்றார். பின்னால் அவருடைய அம்மா, “அந்தப் பொண்ணோட உண்மையான பேரு என்ன? நாம யாரு ஜாதகத்தப் பாத்தோம்? கேளு!” என்பது எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டு வேன்களும் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. அம்மா மறுபடி தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறார். ராமையா அங்கிள் இப்போதே எங்கள் கேட்டில் மோதிர விரலை நீட்டியபடி நிற்கிறார்.